டொலறஸின் இரண்டாம் அளவு

லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்த இரும்புப் பட்டறைக்குள் கால் வைத்துவிட்டால் டொலறஸும் கிறிஸ்துநாயகமும் புருஷன் பெண்சாதி இல்லை. அவர் மில்லிங் மெஷினின் கைப்பிடியைச் சுழற்றி இரும்பு வெட்டுவார். வெட்டியதை அளக்கும் மெஷினில் வைத்து அளந்து ஏற்பதும் கழிப்பதும் அவள் வேலை. வீட்டில் நாளுக்கு நூறு தரம் "இஞ்சாருங்கோ" என்று அவரைக் கூப்பிடும் வாய் அங்கே பூட்டிக் கிடக்கும்.

ஜேர்மனியிலிருந்து வந்து, 2002இல் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்த அன்றே அவள் போட்ட சட்டம் அது. புருஷனின் பிழைக்குக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதாம். மற்றவர்களின் துண்டு பிழைத்தால் இன்னொரு தரம் அளந்து பார்ப்பாள். அவருடையது பிழைத்தால் ஒரே அளவுதான், நேரே கழிவு போடும் சிவப்புப் பெட்டி. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தாள். அது அந்த மனிதனுக்குச் செய்யும் அநியாயம் என்பது நாலு வருஷமாக அவள் புத்தியில் ஏறவில்லை.

ஒரு வாரம் அவர் வெட்டிய முப்பத்திரண்டு துண்டில் பத்தொன்பது சிவப்புப் பெட்டிக்குப் போயின. உருண்டைத் தண்டு ஒன்று வந்து அமர்வதற்கான வளைந்த இருக்கை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளை, அவ்வளவுதான் அந்தத் துண்டு. துளைகள் ஒரு துண்டில் இடப்பக்கம் விலகியதாக அவள் மெஷின் காட்டியது, இன்னொன்றில் வலப்பக்கம்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில் கிறிஸ்துநாயகம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு கையை நீட்டி, அது நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கடிதத்தை அவளிடம் கொடுத்தார். தன்னைப் பாக்கிங் பகுதிக்கு மாற்றச் சொல்லி மனேஜருக்கு எழுதியது.

"இங்கிலிஷ் சரியோ எண்டு பாரும். நாளைக்கு மத்தியானம் குடுக்கப்போறன்."

"என்னத்துக்கு இது?"

"கை முந்தி மாதிரி இல்லை. உம்மட மெஷின் பொய் சொல்லாதுதானே."

இருபத்தாறு வருஷம் இரும்போடு பழகிய கை அது.

மறுநாள் காலை சிவப்புப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தன் சட்டத்தை மீறி இரண்டாம் தரம் அளந்தாள். எண் மாறியிருந்தது. துண்டை அசைக்காமலே மூன்றாம் தரம் அளந்தாள். வேறோர் எண்.

துண்டின் வரைபடப்படி எல்லாத் தூரத்தையும் அந்த வளைவின் மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும். வளைவோ வட்டத்தில் ஒரு சின்னக் கீற்று. உடைந்த கோப்பையின் விளிம்புச் சில்லை வைத்து முழுக் கோப்பையின் நடுவைச் சொல்கிற மாதிரிதான். அளக்கும் ஊசி தொடும் இடத்தில் ஒரு தூசு இருந்தாலும் மையம் எங்கோ ஓடிவிடும். மையம் ஓடினால் நல்ல துளையும் விலகினதாகத்தான் தெரியும். ஒரே ஒரு முறை இரண்டாம் தரம் அளந்திருந்தால் திங்கட்கிழமையே இது பிடிபட்டிருக்கும்.

அந்த இருக்கையில் அச்சொட்டாகப் பொருந்தும் உருக்குத் தண்டு ஒன்றை வைத்து இறுக்கினாள். வெளியே நீட்டிய முனையை ஊசியால் சுற்றிவரத் தொட்டு, முழு வட்டத்திலிருந்து மையத்தை எடுத்தாள். மூன்று தரமும் ஒரே எண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பதையும் அப்படியே அளந்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

கிறிஸ்துநாயகம் கடிதத்தோடு மனேஜரின் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ!"

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நடையை நிறுத்தினார்.

"பிழை உங்கட கையில இல்லை, நான் அளந்த விதத்திலதான். மற்றாக்களுக்குச் செய்யிறதை உங்களுக்குச் செய்யாம விட்டிட்டன். என்னை மன்னியுங்கோ."

அவர் கடிதத்தை மெல்ல மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அப்ப பத்தொன்பதும் சரியோ?"

"பதினேழு சரி. ரெண்டு உங்கட பிழைதான்."

"அந்த ரெண்டையும் விடமாட்டீரோ?"

"விடமாட்டன்."

அவர் சிரித்தார். அந்த இரண்டைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் பதினேழிலும் நம்பிக்கை வந்தது.