கடைசியில் ஒரு டங்

பழுதான மின்சுற்றுப் பலகை எதைக் கொடுத்தாலும் ரதி முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார். கருகல் வாடை வந்தால் மூக்கைச் சுளிப்பார். வராவிட்டால், "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு, மூளதான் கோளாறு" என்பார். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வார். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டிக்கொள்ளும் அதே விளக்கு. பட்டப்பகலிலும் அது இல்லாமல் இவருக்கு வேலை ஓடாது. கணவர்கூட அதைத் தொடக்கூடாது.

பூசை நேரத்தில் முரசையும் மணியையும் தானாகவே அடிக்கும் இயந்திரத்தைக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ரந்தாவ் ஊரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டத்துக் கோயில்களில் அதற்கு மூளை கொடுத்தவர் ரதி. சிப்புக்குள் குடியிருந்து மோட்டாரை ஆட்டிவைக்கும் ஃபர்ம்வேரை எழுதி, இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறார். "எடுத்துக்க லா, மாத்திக்க லா. மாத்துனத எனக்கும் காட்டு, அவ்வளவுதான்." அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. தன் கைவேலை என்று ஊருக்குத் தெரியவேண்டாமா? முரசு ஓய்ந்து ஒரு மூச்சு விட்டதும், தனியாக ஒரே ஒரு 'டங்' அடிக்கும்படி எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் கோயில் தலைவர் வீரமுத்து ஓர் இயந்திரத்தைக் காரில் தூக்கிவந்தார். போர்டிக்சனில் கடை வைத்திருக்கும் வசந்தனிடம் வாங்கியது. வெள்ளிக்கிழமை திருவிழா. இதுவோ, நின்ற கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி அடிக்கத் தொடங்கி, பூசாரியை மந்திரம் சொல்ல விடுவதில்லை. முகம் தொங்கிப்போய் வசந்தனும் கூடவே வந்திருந்தார்.

"சொந்தமா செஞ்சதா தம்பி?"

"ஆமாக்கா."

ரதி சுவிட்சைப் போட்டார். முரசு முழங்கி ஓய்ந்தது. ஒரு மூச்சு. பிறகு, 'டங்.'

வீரமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வசந்தன் தரையைப் பார்த்தார். ரதி எப்போதோ திருத்திவிட்ட கோளாறு, பழைய பதிப்போடு சேர்ந்து அவரிடம் போயிருக்கிறது. யாரும் தொடாமலே முரசு மறுபடி ஆரம்பித்தது.

ரதிக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. ரதி எழுதியதில் கோல் எடுத்த எடுப்பிலேயே சாடும். முரசுத் தோல் அடிக்கடி கிழியும். வசந்தன் மாற்றியதில் அடி மெல்லத் தொடங்கி ஏறியது. "ஐயோ, இது எனக்கு வரவே இல்லியே! எப்படிப்பா பண்ணுன? காட்டு, காட்டு!"

காட்ட வழியில்லை. உள்ளே இருப்பதை யாரும் படித்து நகலெடுத்துவிடக் கூடாதென்று வசந்தன் சிப்பைப் பூட்டியிருந்தார். நிரலை எழுதிவைத்த லேப்டாப்போ வெள்ளத்தில் போய்விட்டது. "எனக்கே தொறக்காதுக்கா" என்றார்.

"என் வீட்டுச் சோத்த எடுத்து, உன் பூட்டப் போட்டு, சாவியத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறியே லா!"

பூட்டிய சிப்பைப் படிக்கத்தான் முடியாது, அழிக்கலாம். அழித்துவிட்டுத் திருத்திய பதிப்பை ஏற்றினால் திருவிழா தப்பிக்கும். அந்த மெல்லிய தொடக்கம் அதோடு போச்சு. ரதி கணினி விசையில் வைத்த விரலை அழுத்தாமல் எடுத்தார். "பாவமா இருக்குண்ணே. எவ்வளவு அழகா ஆரம்பிக்குது பாருங்க."

"திருவிழா இருக்கும்மா" என்றார் வீரமுத்து.

அழித்தார். தன் பதிப்பை ஏற்றினார். முரசு வெடுக்கென்று சாடியது, ஒழுங்காக ஓய்ந்தது, 'டங்' என்றது. பிறகு சத்தமே இல்லை. வீரமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். ரதிக்குத்தான் முகம் தெளியவில்லை.

"அக்கா" என்றார் வசந்தன் தயங்கி. "எப்படி எழுதுனேன்னு கொஞ்சம் ஞாபகம் இருக்கு. எழுதிப் பாக்கவா? இந்தத் தடவ பூட்டமாட்டேன்."

ரதி நாற்காலியைவிட்டு எழுந்தார். வசந்தனை அதில் உட்காரவைத்தார். தன் நெற்றி விளக்கைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கிவிட்டார்.