ஆரஞ்சுகளை அடைகாத்த கோழி

மூத்த மருமகனாயிருப்பதைவிட எளிய பதவி தமிழகத்தில் வேறொன்றில்லை. கல்வி வேண்டா; திறமையும் வேண்டா. மனைவியின் உறவினர் வீடு எதற்கேனும் சென்று காலை மடக்கி அமர்ந்தால் போதும். சற்று நேரத்தில் கொல்லையில் ஒரு கோழியின் உயிர் பிரியும். இம்மரியாதையை யான் பல்லாண்டு மனமார நுகர்ந்து வந்தேன். எழுபதுகளின் இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலூரில் அதற்கு முடிவு நேர்ந்தது.

அவ்வூரில் என் மனைவியின் தங்கை குடியிருந்தாள். அவள் கணவராகிய என் சகலை, ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர்களுக்கு இரு சிறு பெண்மக்கள். நாங்கள் வருவதைப் பேருந்து நடத்துநர் வாயிலாக முன்னரே சொல்லியனுப்பியிருந்தோம். கொண்டையூசி வளைவுதோறும் என் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்து, என்னை மணந்ததற்கு வருந்தி, ஏற்காட்டில் வண்டி மாறி, ஒருவாறு போய்ச் சேர்ந்தோம்.

சகலை கத்தியைத் தீட்டியவாறே வரவேற்றார்.

“வாங்கண்ணா, வாங்க! நீங்க வந்தாத்தான் எங்கூட்ல கொழம்பு மணக்குது. இல்லீன்னா வருசம் முச்சூடும் சௌசௌதானுங்க.”

அவர் கண்ணில் மின்னிய அன்பு முழுவதும் எனக்குரியதன்று என்பது விளங்கிற்று.

வழக்கமாகப் பிள்ளைகள் முறுக்குப் பையை நோக்கி ஓடிவருவர். அன்று இருவரும் கதவோரம் நின்று என்னை அளந்தனர். இளையவள் கேட்டாள்: “பெரியப்பா, நீங்க எப்பப் போவீங்க?”

“அடி கழுத! வந்தவங்களக் கேக்கற கேள்வியா இது?” என்றாள் தாய்.

“அவரு வந்தாக் கோழி செத்துருதும்மா. போன தடவ சேவலு. அதுக்கு மின்னாடி வெடக்கோழி. இப்பச் செவலை மட்டுந்தான் இருக்குது.”

“மனசுல வெச்சுக்காதீங்க மாமா, சின்னப் புள்ள” என்று மைத்துனி குழைந்தாள். பள்ளியாசிரியனாகிய எனக்கு மாணவர்கள் இட்ட பட்டப்பெயர்கள் பலவற்றை யான் அறிவேன். கூற்றுவன் என்பது அவற்றுள் இல்லை.

மூத்தவள் அடுத்த படைக்கலத்தை எடுத்தாள். “செவலைய அறுக்க முடியாதுங்க பெரியப்பா. அது அடையில இருக்குது.”

அடைகாக்கும் கோழியை எங்கள் பக்கம் எவரும் அறுப்பதில்லை. கொலைக்கும் ஒரு நெறி உண்டு. சகலையின் கத்தி நின்றது.

“ஏது அடை? முட்டையத்தான் அப்பவே கடைல குடுத்தாச்சே?” என்றவாறு அவர் அடுக்களை மூலைக்குச் செல்ல, யாவரும் பின்தொடர்ந்தோம். பழங்கூடையொன்றில் அச்செந்நிறக் கோழி, காலில் ரிப்பன் கட்டப்பெற்று, வற்புறுத்தித் தலைமை தாங்க அமர்த்தப்பட்டவரின் முகத்தோடு வீற்றிருந்தது. சகலை அதைத் தூக்கினார். வைக்கோலில் பச்சை ஆரஞ்சுக் காய்கள் உருண்டன.

“பாத்தீங்களாண்ணா! நம்மூட்டுக் கோழி தோட்டமே போட்டிருக்குது!”

சிரிப்பில் அவர் கண்ணீர் மல்கினார். இளையவள் அலறினாள். மூத்தவள் அழவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். கோழியோ சகலையின் கையில் தலைகீழாகத் தொங்கியது.

மலைக்கோழியின் மிளகுச்சாற்றைப் பற்றி யான் ஒரு பரணியே பாடவல்லவன். ஆயினும் என் வாய் என்னைக் கேளாமலே பேசிற்று: “அடடா, சொல்ல மறந்துட்டேன். நான் கவுச்சிய விட்டாச்சுங்களே.”

சகலையின் முகம் சாவு வீட்டுக்குரியதாயிற்று. மைத்துனி தமக்கையை நோக்கினாள். “ஏக்கா, ஒரு வார்த்த சொல்லியுடறதில்ல?”

முந்தைய நாள் இரவுதான் என் மனைவி மீன்குழம்பு வைத்து, முள்ளும் நீக்கித் தந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.

“ஆமா கண்ணு, திடீர்னு ஞானம் வந்துருச்சு. முட்டகூடத் தொடறதில்ல. கருவாட்டு வாசமே நொம்ப ஆகாது.”

கணவன் பொய்க்குத் துணைநிற்கும் மனைவியர் பலர். அதற்கு விரிவுரை எழுதுவோர் சிலரே.

விருந்தாளி உண்ணாதபோது கோழியறுப்பது முறையன்று. எனவே செவலை பிழைத்தது. எனக்குக் களியும், சௌசௌக் கூட்டும், சௌசௌப் பொரியலும் வாய்த்தன. கணவரின் துயராற்ற மைத்துனி கருவாடு பொரித்தாள். அதன் வாசம் எனக்கு ஆகாதாகையால் அவரைக் கொல்லைப்புறம் அமர்த்திப் பரிமாறினாள். துணைக்கென்று என் மனைவியும் அங்கே சென்றாள். காற்று என் பக்கமாக வீசிற்று. இளையவள் என்னருகே அமர்ந்து, தன் தட்டிலிருந்த சௌசௌ முழுவதையும் நன்றியோடு எனக்கு வழங்கினாள்.

மாலையில் வழியனுப்ப எல்லாரும் வந்தனர். தந்தையை நம்பாத மூத்தவள், கோழியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். பேருந்து வரும் ஓசை கேட்டதும் சகலை என்னை நெருங்கினார்.

“ஏனுங்கண்ணா, உங்களுக்கு ஒரு தம்பி இருக்காருங்களே. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க. அவரு கவுச்சி திங்கறாருதானுங்க?”

“அந்தச் சித்தப்பாவும் உட்டுட்டாருங்கப்பா” என்றாள் மூத்தவள். என் தம்பியை அவள் பிறந்ததுமுதல் கண்டதேயில்லை.

சகலை என் முகத்தைப் பார்த்தார். “அப்படிங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

வண்டி புறப்பட்டதும் என் மனைவி எலுமிச்சம்பழத்தைக் கையிலெடுத்தாள். “ஏனுங்க, இத உங்க தம்பிகிட்ட யாரு சொல்றது?”