செயலருக்கு ஒரு வாழ்த்துப்பா

பாளையங்கோட்டைத் தனியார் கல்லூரி ஒன்றில் ராஜராஜேஸ்வரி எம்.ஏ. வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அங்கத இலக்கியம் அவருடைய பாடம். அந்தக் காலத்து எழுத்தாளர்களால் மந்திரிகளை நேராகத் திட்ட முடியாது, திட்டினால் சிறை. அதனால் புகழ்வதுபோல எழுதி, சின்ன ஆளின் தலையில் பெரிய கிரீடத்தை வைத்தார்கள். அது மூக்கு வரை இறங்கியதும் ஊர் சிரித்தது. சிரிப்புக்குப் பயந்தாவது பெரிய மனிதர்கள் திருந்துவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். ராஜராஜேஸ்வரியும் நம்பினார்.

1996 ஜூனில் துறைத்தலைவர் பதவி காலியானது. மூப்புப்படி அவருக்கு வரவேண்டியது. கல்லூரிச் செயலர் குமரகுருபரன் அதைத் தன் மருமகன் மகேஷுக்குக் கொடுத்தார். மகேஷ் நேற்று வந்து சேர்ந்தவன். நியாயம் கேட்கப் போனவரிடம், பொம்பளையாளுக்கு எதுக்கு இந்த ரோதனை என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார் செயலர்.

கொஞ்ச நாளில் செயலருக்கு மணிவிழா. வாழ்த்துப்பா எழுதும் வேலை ராஜராஜேஸ்வரியின் தலையில் விழுந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. இதற்குத்தான் காத்திருந்தார்.

விழா மேடையில் ஏறி, பொதிகையில் அகத்தியர் தாமிரபரணியைத் தந்தார், கேண்டீனுக்குப் பின்னால் நம் செயலர் குழாயைத் தந்தார் என்று ஆரம்பித்தார். திறப்பு விழா அன்றைக்கு மட்டும் தண்ணீர் வந்த குழாய் அது. அடுத்து, ராமன்கூட அரசைத் தம்பிக்குத்தான் விட்டுக்கொடுத்தான், நம் செயலரோ மருமகனுக்கே கொடுத்த வள்ளல் என்றார். மாணவர்கள் வரிக்கு வரி கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். செயலர் எழுந்து வந்து பொன்னாடை போர்த்தினார்.

அதோடு விட்டாரா? அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல். கவுன்சிலருக்கு நின்ற செயலர் அந்த வாழ்த்துப்பாவையே நோட்டீஸாக அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். டீக்கடைகளில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். ராஜராஜேஸ்வரி அந்தப் பக்கமாகவே நடந்து போய்க் கேட்டார். நெஞ்சு குளிர்ந்தது.

செயலர் ஜெயித்தார்.

அடிபட்டதே தெரியாத மனிதனை அடித்து என்ன பயன்? நோட்டீஸை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார் ராஜராஜேஸ்வரி. வகுப்பில் நடத்துகிற மாதிரி வரி வரியாக விளக்கினார். செயலர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"மேடையிலயே வெளங்கிட்டு மேடம். சிரிச்சா சனத்துக்குக் கோவம் எறங்கிரும்லா? சிரிச்சவன்லாம் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டான். அடுத்த தேர்தலுக்கும் ஒண்ணு எழுதித் தாங்க."

ராஜராஜேஸ்வரி நோட்டீஸை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

மறுநாள் காலை, சனம் நடமாடும் நேரத்தில், அவரே பசை வாளியோடு போய் செயலர் வீட்டு மதிலில் ஒரு சுவரொட்டியை ஒட்டினார். உவமை இல்லை, புகழ்ச்சி இல்லை. பதவி யாருக்கு வரவேண்டியது, யார் யாருக்குக் கொடுத்தார், ஏன் கொடுத்தார். கீழே தன் முழுப்பெயர்.

வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நின்று படித்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. செயலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க, நகத்தால் மதிலைச் சுரண்ட ஆரம்பித்தார். பசை இறுகியிருந்தது. ராஜராஜேஸ்வரி எதிர்ப்பக்கம் நின்று நிதானமாகப் பார்த்தார்.