காற்று அப்சோர்பரும் மேரி அக்காவும்

பட்டறை நாற்காலியில் என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் குனிந்து பார்ப்பேன், வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். பார்க்கிறவர்கள் யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நிற்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஈப்போவில் எனக்குப் பழக்கமான ஆ சோங்கின் பட்டறை அது. என் பழைய ஸ்டேஷன் வேகனைத் தூக்கி வைத்து, பின்பக்கத்துக் காற்று அப்சோர்பர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அங்கின் ஹாபிஸ் லா, அண்ணே. காத்து நிக்கமாட்டேங்குது" என்றான், வழக்கம்போல் பாதி மலாயும் பாதி தமிழுமாக. "நீங்கதான் இப்ப பாரமே ஏத்துறதில்லையே? சாதா அப்சோர்பர் போதும். ஸ்பிரிங்கும் உக்காந்துபோச்சு, சேத்து மாத்திடுறேன்."

அவன் வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் குழாயை எடுத்து மோந்து பார்த்தேன். எண்ணெயும் கருகலும் கலந்த ஒரு வாசனை. ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது.

காற்று அப்சோர்பரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சாதா அப்சோர்பரைச் சுற்றி ஒரு ரப்பர் பை, அவ்வளவுதான். டயருக்கு அடிப்பதுபோல் பெட்ரோல் நிலையத்தில் அதன் பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்று அடித்தால், பாரத்தில் தாழ்ந்துபோன பின்பக்கம் மெல்ல எழும்பும். பல வருஷத்துக்கு முன்பு இந்த வண்டி என் மச்சானுடையது. என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர், செல்வம். வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றதும் டவுனுக்கு வந்து, வார நாளில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் இசைக்குழு என்று ஓடிக்கொண்டிருந்தார். நான்கு ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு, அதற்கு மேல் ஐந்து ஆட்கள். காற்று அப்சோர்பர் போடுவதற்கு முன்பு எங்கள் ஹெட்லைட் சாலையைக் காட்டாது, தென்னை உச்சியைத்தான் காட்டும்.

ஒயர் மாட்டுவது, தம்புரின் தட்டுவது, காற்று பார்ப்பது, இவை என் வேலை. தம்புரின் எனக்கு அரைகுறை. காற்றும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது. "குழாய் எக்சோஸ் மேல படாம கம்பி போட்டுக் கட்டுடா" என்று மச்சான் சொல்லியிருந்தார். புகை போகும் எக்சோஸ் நெருப்பாய்க் கொதிக்கும். ஆனால் கம்பி தேடச் சோம்பல். கையில் கிடைத்த, பொட்டலம் கட்டும் ராஃபியா கயிற்றால் கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீடோரில் பகல் கல்யாணம். காம்பாரைத் தாண்டித் தெமோ வரும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்து தார்ச்சாலையை உரசியது. நான் அடியில் படுத்துப் பார்த்தேன். கயிறு கருகி, குழாய் எக்சோஸ் மேல் விழுந்து உருகியிருந்தது.

"குழாய் உருகிப்போச்சு மச்சான்" என்றேன். கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மச்சான் மணியைப் பார்த்தார். "ரெண்டு பெட்டிய இறக்கிடுவோம். சாமி பாட்டுக்கு இனி நேரமில்ல, நேரா சினிமா பாட்டுக்குப் போயிடலாம்."

கச்சேரியைத் தொடங்கும் சாமி பாட்டு மேரி அக்காவுடையது. நாற்பதைத் தாண்டியவர், தோட்டத்து மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல். பிள்ளையாரை அவரைப்போல் கூப்பிட எங்களில் எந்த இந்துவாலும் முடியாது. அவருக்கு இருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

"அக்கா, நீங்க பெட்டியோட இருக்கீங்களா? ஒரு மணி நேரத்துல வாரேன்" என்றார் மச்சான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மேரி அக்கா கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கூரையில்லாத பஸ் நிறுத்தம். ஒரு பலகை பெஞ்சு, பின்னால் ரப்பர் மரங்கள். நான் இறங்கியிருக்கலாம். கதவில் கைகூட வைத்தேன். யாராவது "நீ இருடா" என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, வண்டி கிளம்பிவிட்டது.

மண்டபத்தில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டுக்குத் துண்டுச் சீட்டு வரும். நடுவில் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. நான் மச்சானைப் பார்ப்பேன், அவர் "இன்னும் ஒண்ணு" என்று விரலைக் காட்டுவார். திரும்பிப்போகும்போது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டிகள் சேற்றில் படாமல் பெஞ்சின்மேல் இருந்தன. அவற்றுக்கு மேல் குடை விரிந்திருந்தது, காற்றில் பறக்காதபடி கைக்குட்டையால் கட்டி. அவரைக் காணோம். நனைந்துகொண்டே பஸ் ஏறியிருக்கிறார்.

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு புந்தோங்கில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"மச்சான் மேல கோவமா அக்கா?"

"கோவம் என்னலா. நான் பெட்டி இல்லையே தம்பி, கனக்குதுன்னு இறக்கி வைக்க."

"குழாய் உருகிப்போச்சு அக்கா, அதான்..."

"நீ வண்டிக்கு அடியிலேருந்து வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார். "நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்லா."

குடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் கழற்றிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மச்சான் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் அவர் எங்களோடு பாட வரவில்லை. பிறகு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே இறந்து, அடக்கமும் ஆகி, நாற்பது நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. போன வருஷம் மச்சானும் போய்விட்டார். கயிற்று விஷயம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆ சோங் வேலையை முடித்து வண்டியை இறக்கினான். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்தவன், வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெமோவுக்கே போய்விட்டேன். மேடு பள்ளம் தெரியாமல் போகிறது வண்டி. சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். நிறுத்தம் எந்த இடம் என்று தெரியவில்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகளும் ஒரு காவலாளி சாவடியும். இரண்டு தடவை போய்ப் போய்த் திரும்பினேன். காவலாளி சந்தேகமாகப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

மச்சான் எல்லாக் கல்யாணத்தையும் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். போன மாதம், மேரி அக்கா எங்களோடு பாடிய காலத்துக் கேசட்டுகளை எடுத்து, அவர் குரலுக்காக எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். பதிவுப் பொத்தானை அழுத்துவதும் என் வேலையாகத்தான் இருந்தது. முதல் பாட்டின்போது நான் மைக்கைச் சரிசெய்ய ஓடிக்கொண்டிருப்பேன். இரண்டாவது பாட்டுக்குத்தான் அழுத்துவேன். ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் கைதட்டல் கேட்கிறது. மேரி அக்கா பாடி முடித்ததற்கான கைதட்டல்.