படிக்கட்டு வைஃபை

லாஸ்பேட்டையில் நான் படித்தபோது எங்கள் பெண்கள் விடுதியில் வைஃபை ஒரே இடத்தில்தான் எடுக்கும். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவிலுள்ள படிக்கட்டு. மதியத்துக்குள்ளேயே டேட்டாவைத் தீர்த்துவிட்ட கூட்டம் முழுக்க, இரவு எட்டு மணிக்கு அங்கே ஆஜராகிவிடும். ஆளுக்கு ஒரு படி.

ஒருத்தி வீட்டுக்கு வீடியோ கால் போட்டால் அது எல்லோருக்குமான கால். பக்கத்துப் படிக்காரி எட்டிப் பார்த்துக் கை காட்டுவாள், அந்தப் பக்கமும் விசாரிப்பார்கள். பாகூர்ப் பக்கம் மாடுகளைக் கட்டிவிட்டு வந்து உட்காரும் என் அம்மா, என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா?" என்று கேட்பாள். அந்தப் பொண்ணு என் எதிர் அறைக்காரி, எனக்குக் கீழ்ப் படியில் உட்காருபவள். அவளுக்கு அம்மா இல்லை. அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை, தங்கலும் அங்கேயே. நான் போனைத் திருப்பினால், சாப்பிட்டதாகத் தலையாட்டுவாள்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபீஸ் கட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து முதுகு வலிக்கப் பேச வேண்டுமா? வார்டனுக்கு ஒரு மனு எழுதி, அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் போட்டார்கள். அவள் மட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இருக்கட்டும்டி. படிக்கட்டே நல்லாத்தான இருக்கு."

நல்லதுக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

மனு பலித்தது. மாடிக்கு மாடி ஒரு பெட்டி மாட்டினார்கள், அதில் பச்சை விளக்கு மினுக்கியது. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரம் கட்டிலில் படுத்தபடியே, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவிடம் பேசினேன்.

எட்டாம் நாள் அம்மா கேட்டாள். "எங்கடி, அந்தப் பொண்ணக் காணோம்? சாப்ட்டுச்சான்னு கேளேன்."

அவள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நீள மனு எழுதத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

போனைக் கட் பண்ணாமலே போய் எதிர்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நீட்டிய போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் சாப்டலம்மா," என்றாள்.

மணி என்ன ஆகிறது என்று அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினாள். முதலில் போய்ச் சாப்பிடச் சொன்னாள். அதுவரை போனை வைக்கக் கூடாதாம்.

மெஸ்ஸில் வைஃபை கிடையாது. கீழே இறங்கும்போதே படம் அப்படியே நின்றுவிட்டது, அம்மா பாதித் திட்டில் வாயைத் திறந்தபடி. அந்த முகத்தைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.