ஒரு சஹன், ஒரு வைன் போத்தல்

பல வருசம் கழித்து ஊருக்கு வந்த ஜெகன் நாளை பிரான்சுக்குத் திரும்புகிறான். இன்று பின்னேரம் பெரியநீலாவணைக் கடற்கரையில் கூடினோம். பள்ளிக்கூடக் கூட்டாளிகள் மூன்று பேர்தான்.

கல்முனையில் சைனீஸ் கடை வைத்திருக்கும் றியாஸ், பிறைட் றைசும் நல்ல உறைப்பான சில்லி சிக்கனும் செய்து, மூவரும் சுற்றியிருந்து சாப்பிட ஒரே பெரிய சஹன் தட்டில் கொண்டுவந்தான்.

ஜெகன் பையிலிருந்து போத்தலை எடுத்தான். "பழைய இனிப்பு வைன்டா. உறைப்புக்கு இதுதான் பொருத்தம்."

றியாஸ் எழும்பிவிட்டான். "குடி இரிக்கிற சஹன்ல நான் இரிக்கேலா மச்சான். நீங்க தின்னுங்க."

"அப்ப வேணாம், திறக்கல்ல."

"இவ்வளவு தூரம் கொண்டந்திரிக்காய். குடி."

சஹன் மூடியில் கொஞ்சம் சோற்றை அள்ளிக்கொண்டு, தள்ளிப்போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தான்.

குடித்தோம். தேன் நிறம். உறைப்பை அப்படியே அடக்கியது. ஜெகன் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் இரண்டாவது வாய் இருவருக்கும் இறங்கவில்லை.

போத்தலை மூடிவிட்டு அவனிடம் போனோம். கை கழுவி முடித்திருந்தான்.

"மஃரிப் தொழுகைக்கு நேரமாகிட்டு. போய்ட்டு வா மச்சான்."

கட்டிப்பிடிக்கப் போன ஜெகன், வாய் மணக்கும் என்று பாதியில் நின்றுவிட்டான்.

மிச்சப் போத்தல் என் வீட்டில் இருக்கிறது. திறந்த வைன் எத்தனை வருசம் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.