எதிரணியின் கோலுக்கு நான் கொளுத்திய வெடி

இரண்டு வருடங்களுக்கு முன், வருடப்பிறப்பு முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மட்டக்களப்பு டவுன் மைதானத்தில் நடந்தது இது. இன்றைக்கும் என் மனைவியின் ஊரில் என்னைக் கண்டால் "வெடிக்காரர் வாறார்" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காமல் முகத்தைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தன்னாமுனையில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் மூட்டை கட்ட வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டோடு போவார். அப்படித்தான் நானும் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நல்ல சனம். எந்த வீட்டில் நண்டுக்கறி ஆக்கினாலும் எனக்கொரு கோப்பை வந்துவிடும். ஆனால் உதைபந்தாட்டம் என்று வந்தால் மட்டும் அந்த ஊருக்குக் கண்மண் தெரியாது.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரரோ ஏறாவூர்ப் பக்கத்துக் கழகம் ஒன்றின் இடதுகால்காரர். அவரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. எனக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. போட்டிகள் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குத் தலை நிமிர நேரமில்லாத நாளும் அதுதான். வெங்காயம் வெட்டிக்கொண்டே போனில் பார்ப்பேன். யாரோ கை நடுங்க எடுத்த வீடியோவாக இருக்கும், பந்து எங்கே, ஆள் எங்கே என்று தேட வேண்டும். அந்த மாதத்தோடு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரப்போகும் இறுதிப் போட்டியை விட்டால் இனி அவரைப் பார்க்கவே முடியாது. எதிரணி யார் என்று பார்த்தால், என் மனைவியின் ஊர்!

செஃப்பிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்தேன்.

மனைவியின் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய போட்டிகளுக்குப் போகும்போது, ஊருக்குக் கடைசியாக வந்த மாப்பிள்ளையின் கையில்தான் சீனவெடியைக் கொடுப்பார்கள். ஊர் கோல் அடித்ததும் அவர் கொளுத்த வேண்டும். இனி நீயும் எங்கள் ஆள் என்று ஊர் சொல்கிற மரியாதை அது. அந்த வருடம் அந்த மாப்பிள்ளை நான். மனைவியின் மூத்த அண்ணன் ஊர்க் கழகத்தின் சேட்டை, ஆட்டக்காரர்கள் போடுகிற அதே சட்டையை, எனக்கு மாட்டிவிட்டு, வெடியையும் நெருப்புப்பெட்டியையும் கையில் திணித்தார். என் ஆள் அந்த இடதுகால்காரர்தான் என்பதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. அவர்கள்தான் அதைச் சும்மா சிரிக்கச் சொல்கிற பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. போனில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. பந்து இல்லாத நேரத்தில் அந்த இடதுகால்காரர் ஓடுவதே இல்லை. நடந்தபடியே கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் பார்த்து வைத்துக்கொள்கிறார். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் நாங்கள் இருந்த பக்கத்து எல்லைக்கோட்டில் அவருக்குப் பந்து கிடைத்தது. ஊர்ப் பொடியன் ஒருவன் மறித்தான். இவர் ஒரு சின்ன வெட்டு வெட்டினார், அவன் புல்லில் குந்திவிட்டான். கோல் காக்கிற கோலி முன்னுக்கு ஓடி வந்தார். இவர் பந்தை இடதுகாலால் மெல்லத் தூக்கிவிட்டார். அது ஓர் அவசரமும் இல்லாமல் கோலியின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது.

படபடவென்று வெடிச்சத்தம். எங்கே வெடிக்கிறது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். என் காலடியில்! எரிந்த நெருப்புக்குச்சி இன்னும் என் கையில் இருந்தது.

எங்கள் பக்கத்துச் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் என் தோளைப் பிடித்தார். பாவம், அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"கை தவறிப்போச்சு எண்டு சொல்லு மச்சான். சிரிச்சிட்டு விட்டிருவாங்க."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் அப்படியொரு கோலைப் பார்த்துவிட்டு, அதற்குச் சந்தோசப்பட்டது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கை தவறல்ல மச்சான். அந்தக் கோலுக்குத்தான் கொளுத்தினன்."

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! "நம்மட ஊருமில்ல, நம்மட ஆளுமில்ல, அவனுக்கு வெடியா? எழும்பி அங்கால போ!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. போகமாட்டேன் என்றேன். இது என் மனைவியின் ஊர், ஆகவே என் ஊர், இங்கே இருந்துதான் பார்ப்பேன் என்றேன். சொல்லிவிட்டு, ஊர்ச் சேட்டோடு அந்தப் புகைக்குள் தனியாக எழும்பி நின்று கை தட்டினேன். மைதானத்தின் நடுவுக்கு நடந்து போன என் ஆள் புகையைப் பார்த்தார், சேட்டைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊர் தோற்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்துச் சீற் காலியாகவே வந்தது. வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்பே அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிறார்.

"இண்டைக்கு இவர உள்ளுக்கு எடுக்காத. ஊருக்கு முன்னால தலைகுனிய வெச்சிட்டார்" என்று தங்கையிடம் சொன்னார்.

என் மனைவி சத்தமே போடவில்லை. "வீடு என்ட பேரில கிடக்கு அண்ணன். ஆரை உள்ளுக்கு எடுக்கிற எண்டு நான் பாத்துக்கிறன். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடிக்காமலே போய்விட்டார்.

உள்ளே வந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அவ்வளவு நல்ல கோலா அது?" என்று கேட்டாள். நான் ஒரு வெறும் போத்தலைக் குசினி நிலத்தில் வைத்து, வெட்டி, தூக்கி, அடித்துக் காட்டினேன். போத்தல் அரிசிமூட்டைக்கு மேலால் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துவந்து திரும்ப என் காலடியில் வைத்துவிட்டு, "இன்னொருக்காக் காட்டுங்க" என்றாள்.

அண்ணன் இப்போது என்னோடு பேசுகிறார். வெடி வேறு மாப்பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. நான் என் வெடியை நானே வாங்கிக்கொண்டு, அதே சேட்டோடு, அதே இடத்தில் போய் இருக்கிறேன். ஊர் கோல் அடித்தாலும் கொளுத்துவேன், எதிராளி அழகாக அடித்தாலும் கொளுத்துவேன். வந்த ஊருக்கு என் உழைப்பைக் கொடுத்திருக்கிறேன், மனதையும் கொடுத்திருக்கிறேன், ஆனால் யாருக்குக் கை தட்டுவது என்பதை மட்டும் எந்த ஊருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.